பேச்சை வெட்ட வேண்டாம், தொடரைத் தெற்கே மாற்றவும் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் மாதாமாதம் இலவசமாக நடக்கும் பரிசோதனை இசைக் கச்சேரிகளைப் பற்றி, அதாவது சுற்றியுள்ள ஓசைகளையும் இசையாக்கிப் பார்க்கும் புது முயற்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் பக்கத்துச் செய்தி என்றாலே வெள்ளம், வெட்டுக்குத்து, எண்ணெய்க் கசிவு என்றுதான் வரும். இசைக்காக இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசியில் உள்ள இரண்டு யோசனைகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. கச்சேரிக்குப் பின் நடக்கும் கலந்துரையாடலைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். பழக்கப்பட்ட ரசிகர்கள் இருக்கும் தென் சென்னைக்கே தொடரை மாற்றிவிடலாம் என்றும் சொல்கிறார். ஆரம்பத்திலிருந்து போய்க் கேட்டு வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பேச்சுதான் இந்தத் தொடரின் உயிர். அதை எடுத்துவிட்டால் காசில்லாமல் பார்த்துவிட்டு எழுந்து போகிற இன்னொரு நிகழ்ச்சி, அவ்வளவுதான்.

எனக்கு ராகம், சுரம் எதுவும் தெரியாது. பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் பெட்டிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வண்டி உள்ளே வரும்போது தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து சக்கரங்களின் ஓசையைக் கவனிப்போம். ஒரு சக்கரம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகியிருந்தால், சுற்றுக்கு ஒரு தட்டு தனியாக விழும். எத்தனை பெட்டி ஓடினாலும் அது மட்டும் காதில் குத்தும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. நல்ல சக்கரம் கணீரென்று நீட்டி ஒலிக்கும், விரிசல் விட்டது சட்டென்று அடங்கிவிடும். இதையெல்லாம் இசையோடு சேர்த்து நான் நினைத்ததே இல்லை.

தொடரில் ஒரு மாலை, பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்த பொறியாளர் பியர் ஷேஃபர் 1948இல் செய்த ரயில் ஓசைப் படைப்பைப் போட்டுக் காட்டினார்கள். பாரிஸில் ஒரு ரயில் நிலையத்தில் என்ஜின்களையும் பெட்டிகளையும் பதிவு செய்து, அந்தத் துண்டுகளைச் சேர்த்தே அவர் இசை அமைத்திருக்கிறார். முடிந்ததும் இளைஞர்கள் அந்தத் தாளத்தைப் பற்றிக் கேட்டார்கள். தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் ஓசை அது, இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுவதால் பெரும்பாலும் கேட்பதில்லை என்று நான் எழுந்து சொன்னேன். அதன் பிறகு பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தகடு அடித்தவர், மூடிய ஆலைகளில் தறி ஓட்டியவர்கள் என்று ஒவ்வொருவராகத் தங்கள் காதில் தங்கிப்போன சத்தங்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இசையமைப்பாளர்கள் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். இதைப் பத்து நிமிடத்துக்குள் எப்படி அடைப்பது?

இன்னொரு மாலையையும் சொல்ல வேண்டும். ஒரு இளம் பெண் காசிமேடு துறைமுகத்தில் பதிவு செய்த ஒலிகளை வைத்துப் படைப்பு செய்திருந்தார். ஐஸ் பாரை உடைக்கும் மெஷின், கயிறு இழுபடும் முனகல், விசைப்படகின் டீசல் இன்ஜின், ஏலக் குரல்கள் எல்லாம் கலந்து வந்தன. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. பின்வரிசையில் இருந்த மீன் விற்கும் அம்மா ஒருவர் மைக்கை வாங்கினார். “படகு கரைக்கு வரும்போது இன்ஜின் சத்தம் எறங்கி எறங்கித்தானே வரும் கண்ணு? உன்னுதுல ஏறிக்கினே போவுது. திரும்பக் கடலுக்குப் போற மாதிரி கீது” என்றார். அந்தப் பெண் ஒரு நிமிடம் அசந்துபோய் நின்றார். அந்தப் பகுதியை அவர் பின்னிருந்து முன்னாகத் திருப்பி ஓட்டியிருந்தார். அரங்கில் வேறு யாருக்கும் அது பிடிபடவில்லை. அடுத்த மாதம் அதே படைப்பை மாற்றி எடுத்து வந்தார். படகு வருவதும் போவதும் இரண்டும் அதில் இருந்தன. முன்னதைவிட எவ்வளவோ மேல்.

பழக்கப்பட்ட ரசிகர் என்று கட்டுரையாளர் யாரைச் சொல்கிறார்? சாவு மேளம் அடிக்கும் வியாசர்பாடித் தம்பி ஒருவர் வழக்கமாக வருகிறார். ஒரே ஒலித்துண்டு இரண்டு ஸ்பீக்கரில் ஓடிக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும் ஒரு படைப்பை வாசித்தார்கள். அமெரிக்காவில் இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1965இல் இரண்டு டேப் ரெக்கார்டர்களை வைத்துக் கண்டுகொண்ட முறை என்று பிறகு விளக்கினார்கள். விளக்கம் வருவதற்கு முன்னாலேயே அந்தத் தம்பி, “ரெண்டும் ஒரே அடிதான், ஒண்ணு மட்டும் நவுந்துக்கினே போவுது” என்று சொல்லிக் கையால் தட்டியும் காட்டிவிட்டார். சாவு வீட்டில் விடிய விடிய கானா கேட்டு, வரி சரியில்லை என்றால் பாடுபவர் முகத்துக்கு நேரே சொல்கிற ஊர் இது. திருவொற்றியூரில் தம் சீடர் வீணை குப்பையர் வீட்டில் தங்கி தியாகராஜர் திரிபுரசுந்தரி அம்மன் மேல் பாடியதும் இதே வட சென்னையில்தான். கேட்கத் தெரியாதவர்கள் என்று எங்களை யாரும் எழுத வேண்டாம்.

கச்சேரியைப் பற்றி உட்கார்ந்து பேசுவதும் நமக்குப் புதிதல்ல. மியூசிக் அகாடமியில் மார்கழிக் காலையில் வித்வான்கள் கூடி வாதம் செய்கிறார்கள். அங்கே பேசுவது கற்றறிந்தவர்கள், இங்கே வந்தவர்கள் எல்லாரும் பேசலாம். அமெரிக்காவில் உட்ஸ்டாக் என்ற ஊரில் 1952இல் இசையமைப்பாளர் ஜான் கேஜின் படைப்பு ஒன்றை முதன்முதலாக அரங்கேற்றினார்கள். பியானோ கலைஞர் 4 நிமிடம் 33 விநாடி ஒரு கட்டையைக்கூட அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார். கச்சேரிக்குப் பின் நடந்த உரையாடலில் ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை என்று அவர்களைப் பேச விட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. இசையமைப்பாளர் அர்னால்டு ஷோன்பெர்க் புது இசைக்காக 1918இல் வியன்னாவில் தொடங்கிய சங்கம் இதற்கு நேர் எதிர். விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை, கைதட்டக் கூடாது. அந்தக் கெடுபிடி நமக்கு வேண்டாம். ஆனால் ஒரே படைப்பை அவர்கள் மறுபடி மறுபடி வாசித்தார்கள் பாருங்கள், அதை எடுத்துக்கொள்ளலாம். சிறிய படைப்பாக இருந்தால் ஒரு முறை வாசித்து, பேசிவிட்டு, மறுபடி வாசிக்கட்டும். இரண்டாவது தடவை காது வேறு மாதிரி வேலை செய்கிறது.

தொடரில் குறை இல்லாமல் இல்லை. பேச்சு சில நாள் முழுக்க இங்கிலீஷில் போய்விடுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரே மைக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள், முன்னே சொன்ன அந்த அம்மா மாதிரி ஆட்கள் வாயைத் திறக்காமலேயே எழுந்து போய்விடுகிறார்கள். மைக் முதலில் பின்வரிசைக்குப் போகட்டும். இடத்துக்கு முன்பதிவு இணையத்தில் மட்டும் என்று வைத்திருப்பதையும் மாற்ற வேண்டும். மீன் மார்க்கெட்டிலும் தேநீர்க் கடைகளிலும் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் போதும், கூட்டம் வரும். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்குத் தூரம் என்ற காரணமும் இப்போது எடுபடாது. 2021லேயே மெட்ரோ தண்டையார்பேட்டை வழியாக விம்கோ நகர் வரை வந்துவிட்டது.

அப்புறம் ஒரு கோரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மற்ற நாளில் நடுராத்திரியிலேயே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த இரண்டு மாதமும் மாதத்துக்கு ஒன்று என்பதை வாரத்துக்கு ஒன்றாக்கினால் காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூர்க் குப்பங்களிலிருந்தும் குடும்பத்தோடு வருவார்கள். மாநகராட்சி சமுதாய நலக்கூடம் ஒன்றை அந்த மாலைகளுக்கு வாடகை இல்லாமல் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். மனு எழுதி, நாங்கள் சிலர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். அந்தச் செய்தியையும் உங்கள் இதழில் போட்டால் அதிகாரிகள் கண்ணில் படும். நாற்காலி போடவும் எடுக்கவும் ஆள் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை