மறந்துபோன அனுமதிகள்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக நடந்ததில் மகிழ்ச்சி. வர முடியாமல் போனதற்கு என் முழங்காலைத்தான் திட்ட வேண்டும்.

"அந்தத் தளத்தோடு என் கிரிப்டோ பணப்பையான வாலட்டின் இணைப்பைத் துண்டித்துவிட்டேன், இனிக் கவலை இல்லை" என்று எழுதியிருந்தாய். நானும் மூன்று வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். துண்டித்தால் அந்தத் தளம் உன் வாலட்டைப் பார்க்காது, அவ்வளவுதான். டோக்கனை, அதாவது அதிலிருக்கும் கிரிப்டோ நாணயத்தை, எடுத்துக்கொள்ள நீ கொடுத்த அனுமதி எத்தீரியம் என்ற பொதுப் பதிவேட்டுச் சங்கிலியில் (பிளாக்செயின்) அப்படியே கிடக்கும். நம் வங்கிக் கிளைப் பக்கமே வராத வாடிக்கையாளர்கள் முன்பே எழுதிக் கொடுத்த ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் மாதாமாதம் ஓடிக்கொண்டே இருந்ததே, நினைவிருக்கிறதா? அதே கதைதான். அங்கே தொகையாவது எழுதியிருந்தார்கள். இங்கே பல தளங்கள் கேட்பது வரம்பில்லாத அனுமதி; எண்ணாக எழுதினால் 78 இலக்கம். நூறு டாலர் மாற்றப் போனவனிடம் அத்தனைக்கும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

2021 டிசம்பரில் பேட்ஜர் டாவோ என்ற கிரிப்டோ தளத்தில் நடந்தது இதுதான். வாலட்டின் சார்பில் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி யாருடையதும் திருடு போகவில்லை. தளத்தின் முகப்பில் யாரோ நிரலைப் புகுத்தி, வந்தவர்களிடம் கூடுதலாக ஓர் அனுமதியைக் கேட்க வைத்தார்கள். கொடுத்தவர்களிடமிருந்து பிறகு ஒரே நாளில் சுமார் 12 கோடி டாலர் போயிற்று.

போன மாதம் மருமகன் என் கணினியில் ஒரு ஏஐ உதவியாளரைச் எத்தீரியச் சங்கிலியின் தரவோடு இணைத்துக் கொடுத்தான். என் வாலட் முகவரியை மட்டும் கொடுத்தேன். அது எப்படியும் ஊருக்கே தெரிந்த விஷயம். அரை நிமிடத்தில் பதினான்கு அனுமதிகளை வரிசையாகப் போட்டது. ஒரே ஒரு முறை பயன்படுத்திய தளங்கள், இன்று பெயரே நினைவில்லாதவை. எத்தீரியப் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்திலும் ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஆனால் பாலிகான் என்ற இன்னொரு சங்கிலியைப் பற்றி நானாகக் கேட்ட பிறகுதான் இன்னும் ஐந்து வெளியே வந்தன. கேட்ட சங்கிலியை மட்டும்தான் பார்க்கிறது.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பட்டியலுக்குக் கீழே, "பரிசுத் தொகையைப் பெற இந்தத் தளத்துக்குச் செல்லவும்" என்று ஒரு யோசனை சொன்னது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தேடிப் பார்த்தால், யாரோ கேட்காமலே என் வாலட்டுக்குள் தள்ளிவிட்ட ஒரு குப்பை டோக்கனின் பெயரே அந்த வாசகம்தான்! வாசித்த பெயரை யோசனையாகவே எடுத்துக்கொண்டது இந்தப் புத்திசாலி. இதனிடம் ரகசியச் சாவியும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பார்.

அதனால் நம் கேஷ் கவுன்ட்டர் பழக்கத்தையே வைத்துக்கொண்டேன். எழுதுபவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். ரத்துக்கான பரிவர்த்தனையை அது தயாரிக்கும். கையெழுத்து என் மேசை மேல் இருக்கும் ஹார்டுவேர் வாலட்டில், அதாவது ரகசியச் சாவியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சின்னக் கருவியில். அந்தச் சின்னத் திரையில் டோக்கனின் முகவரி, அனுமதி பெற்றவரின் முகவரி இரண்டையும் முழுவதுமாக நகர்த்திப் படிக்கிறேன். தொகை பூஜ்ஜியமாக இருந்தால் மட்டுமே பட்டனை அழுத்துகிறேன். ரத்து என்பது அனுமதியைப் பூஜ்ஜியமாகத் திருப்பி எழுதுவதுதானே. மூன்றாவதில் அது பக்கத்து வரிசை டோக்கனைப் பிடித்திருந்தது. நிராகரித்துவிட்டு மறுபடி கேட்டேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சரியாகத் தந்தது. நம் பழைய குமாஸ்தாக்கள்கூட இவ்வளவு பணிவாக இருந்ததில்லை!

ஒவ்வொரு ரத்துக்கும் சங்கிலியில் பதிய 'கேஸ்' என்ற கட்டணம் உண்டு. அதனால் இருப்புள்ள டோக்கன்களை முதலில் முடித்தேன்; காலியானவை மெதுவாகப் போகட்டும். கட்டணமே கேட்காமல் வெறும் கையெழுத்தாக வாங்கும் அனுமதிகளும் உண்டு. எதிராளி பயன்படுத்தும் வரை அவை எந்தப் பட்டியலிலும் வராது. அப்படி எதிலாவது போட்டது நினைவிருந்தால் சொல், தனியாகப் பார்ப்போம்.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடு. உட்கார்ந்து உன்னுடையதையும் முடித்துவிடலாம். ஹார்டுவேர் வாலட்டையும் அதன் கேபிளையும் மறக்காதே. வாலட்டையே திரும்பத் திறக்கக்கூடிய மீட்புச் சொற்களை எழுதிய தாள் பீரோவிலேயே இருக்கட்டும். அதை என்னிடம்கூடக் காட்டாதே.

அன்புடன்,
ராஜாராம்