அசலை எழுது, பாத்திமா

செங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாத்திமாவுக்கு,

மோசடிகளைப் பற்றி நீ எழுதுகிற புத்தகத்தின் அத்தியாயங்கள் வந்து சேர்ந்தன. உடனே பதில் போடாததற்குத் திட்டாதே. இவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி வீட்டில் இருக்கிறார். பேப்பரை நான்தான் உரக்க வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. உன் அத்தியாயங்களையும் அப்படியே வாசித்தேன், இவரும் கேட்டார். சின்னவன் இன்னும் புனலூர்க் கடையில்தான். மலையாளம் இப்போது அவனுக்குத் தமிழைவிட நன்றாக வருகிறது. சாரல் பரவாயில்லை. குற்றாலத்துக்குப் போகிற கார்கள்தான் நம்ம தெரு வரைக்கும் வந்து நிற்கின்றன.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ கேட்டதும் அதைத்தானே. ஏமாற்றுகிறவன் என்னென்ன செய்கிறான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். திருட்டுக் கதை கேட்க யாருக்குத்தான் கசக்கும்? இவர் இரண்டு இடத்தில் "அடேயப்பா" என்றுகூடச் சொன்னார். ஆனால் அடுத்த வருஷம் அதே ஆள் வேறு வேஷத்தில் வந்து நின்றால், உன் புத்தகத்தைப் படித்தவள் எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பாள்?

அமெரிக்கப் பத்திரிகையாளர் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் பற்றிய அத்தியாயம் மட்டும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1905 அக்டோபரில் காலியர்ஸ் வாரப் பத்திரிகையில் அவர் மருந்துப் புரட்டைப் பற்றித் தொடர் எழுத ஆரம்பித்ததும், 1906 ஜூன் 30-ல் அமெரிக்காவில் உணவு, மருந்துச் சட்டம் வந்ததும் நல்ல கதை. எல்லா வியாதிக்கும் மூலம் சளிதான் என்று சொல்லி விற்ற பெருனா டானிக்கில் நூற்றுக்கு 28 பங்கு சாராயம்! பூர்வகுடிகளுக்குச் சாராயம் விற்கக்கூடாது என்று அவர்கள் பகுதியில் அரசாங்கமே பெருனாவைத் தடுத்திருக்கிறது. அதே பாட்டில் மற்றவர்களுக்கு மருந்து. இந்த ஒரு இடமே போதும்டி, உன் பத்துப் பக்க விளக்கத்துக்குச் சமம்.

இரண்டு விஷயத்தை நீ ஒற்றை வரியில் தாண்டிப் போய்விட்டாய். மருந்துக் கம்பெனிகள் பத்திரிகைகளோடு போட்ட விளம்பர ஒப்பந்தம் ஒன்று. 'உங்கள் மாநிலத்தில் எங்களுக்கு எதிராகச் சட்டம் வந்தால் ஒப்பந்தம் ரத்து' என்று அதில் ஒரு ஷரத்து. அப்புறம் எந்தப் பத்திரிகை வாயைத் திறக்கும்? காலியர்ஸ் அதையும் அச்சில் போட்டுக் காட்டியதே, அதை விரிவாக எழுது. இன்னொன்று, பெண்களுக்கான மருந்து விற்ற லிடியா பிங்கம் கதை. அந்தம்மா 1883-லேயே செத்துப்போயாச்சு. பெண்கள் தங்கள் சுகக்கேட்டைப் பற்றி மிஸஸ் பிங்கத்துக்கு எழுதலாம் என்று அதற்குப் பிறகும் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. 1905-ல் எட்வர்ட் போக் தான் ஆசிரியராக இருந்த லேடீஸ் ஹோம் ஜர்னல் பத்திரிகையில் அந்தம்மாவின் கல்லறைப் படத்தை அச்சடித்தார். தந்திரத்தை விளக்கிக்கொண்டிருக்கவில்லை பார். விளம்பரத்துக்குப் பக்கத்தில் அசல் கல்லை வைத்தார், அவ்வளவுதான்.

உன்னிடம் நான் கேட்பதும் அதையேதான். பொய்யை விவரிப்பதைக் குறைத்துக்கொள், அசலை விவரி.

நம்ம பக்கத்துச் சேதியைச் சொன்னால் உனக்குப் புரியும். மேலத்தெருப் பெரியம்மாவை உனக்கு நினைவிருக்கும். சமீபத்தில் அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கேரளா லாட்டரியில் பரிசு விழுந்திருக்கிறதாம், வரி கட்டினால் பணம் வந்துவிடுமாம். பேத்தியை வைத்துப் பணம் அனுப்பினார்கள். அப்புறம் 'பதிவுக் கட்டணம்' என்றான், அதையும் அனுப்பினார்கள். ஏன் நம்பினீர்கள் என்று கேட்டதற்குப் பெரியம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா? "ரெண்டு யானையும் நடுவுல சங்கும் இருந்துச்சே தாயி." கேரள அரசு முத்திரையைத்தான் சொல்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டைக்காரர்கள் நாமும் கேரளப் பக்கத்து ஆட்கள்தானே. அவர்கள் வீட்டுப் பத்திரப் பெட்டியில் இருக்கிற திருவிதாங்கூர் முத்திரைத்தாளிலும் சங்குதான். மூன்று தலைமுறையாகச் சொத்தைக் காப்பாற்றிக் கொடுத்த முத்திரையை அந்த மனுஷி எப்படிச் சந்தேகப்படுவாள்? உன் அத்தியாயத்தில் இப்படிப்பட்டவர்களுக்குப் 'பேராசை' என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டாய். அதை அடித்துவிடு.

அசலை எழுது என்று நான் சொல்வது இதற்காகத்தான். கேரள அரசு லாட்டரி 1967-ல் ஆரம்பித்தது. 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல், டிக்கெட் 1 ரூபாய், முதல் பரிசு 50,000. இன்றைக்கும் அது காகித டிக்கெட்தான், ஆன்லைனில் விற்பனையே கிடையாது. டிக்கெட்டின் பின்னால் பேரும் விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, குலுக்கல் முடிந்து குறிப்பிட்ட கெடுவுக்குள் ஒப்படைக்க வேண்டும். பெரிய பரிசு என்றால் 30 சதவீத வரியைப் பரிசுத் தொகையிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். பரிசு வாங்குகிறவன் முன்கூட்டிப் பணம் கட்டுவது என்கிற பேச்சே இல்லை. இதைத் தெரிந்துவைத்திருக்கிறவளிடம் யானைப் படத்தோடு எவன் வந்தாலும் வேலைக்காகாது.

ஆசையே படாதே என்று எழுதினால் நம்ம ஊரில் ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். 2023-ல் 25 கோடி ஓணம் பம்பர் கேரள எல்லை வாளையாரில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்து, திருப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் சேர்ந்து வாங்கினார்களே! அதிலிருந்து ஆவணி பிறந்தால் மலைப்பாதை எஸ் வளைவு ஏறி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடையாது. நம்ம தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலேயே லாட்டரிக்குத் தடை. தடை வந்ததும் ஆசை போய்விடுமா? மூணு நம்பர் ஆட்டமாக அது டீக்கடைக்குப் பின்னால் போய்விட்டது. திருவனந்தபுரம் கார்க்கி பவனில் மத்தியானம் 3 மணிக்குக் குலுக்கும் டிக்கெட்டின் கடைசி மூன்று எண்ணை வைத்து இங்கே துண்டுச்சீட்டில் பந்தயம். குலுக்கல் நிஜம், முடிவு நிஜம், நம்ம ஆள் பணம் கட்டுகிற சீட்டு மட்டும் செல்லாக்காசு. கூலி வேலைக்குப் போகிறவன் சம்பளம் அப்படியே அதில் போகிறது. இதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆரியங்காவில் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து டிக்கெட் விற்கிற சேச்சி ஒருத்தி எனக்குப் பழக்கம். பொழுது சாய்கிற நேரத்தில் பைக்கில் ஒருத்தன் வந்து, பரிசு விழுந்த டிக்கெட் என்று நீட்டினான். கொஞ்சம் ரொக்கம், மீதிக்குப் புது டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்விட்டான். காலையில் ஏஜென்சியில் கொடுத்தபோதுதான் கடைசி எண்ணைத் திருத்தி ஒட்டியிருந்தது தெரிந்தது. விற்கிறவர்கள் எல்லாரும் திருடர்கள், வாங்குகிறவர்கள் எல்லாரும் அப்பாவிகள் என்று உன் எழுத்தில் ஒரு வாடை அடிக்கிறது. அந்தச் சேச்சியை எந்தப் பக்கத்தில் உட்காரவைப்பாய்?

எண்ணெய்க் கதையும் இதே ஜாதிதான். கேரள அரசு நிறுவனத்துத் தேங்காய் எண்ணெய்க்குக் 'கேர' என்று பேர். அதே ஓசையில் பேர் வைத்துக்கொண்டு எத்தனை பாக்கெட்டுகள்! கலப்படம் என்று 2018 டிசம்பரில் மட்டும் 74 பிராண்டுகளுக்கு அங்கே தடை போட்டார்கள். ஃபிரிட்ஜில் வைத்து உறைகிறதா பார் என்று நீ எழுதியிருக்கும் சோதனையை மறுபடி யோசி. எண்ணெய்ப்பனைக் கொட்டையிலிருந்து எடுக்கிற எண்ணெயும் குளிரில் உறையும். கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிற திரவ பாரஃபின் கலந்திருந்தால் வேண்டுமானால் அது காட்டிக்கொடுக்கலாம்.

சட்டம் பற்றிய கடைசி அத்தியாயத்தை முன்னால் கொண்டுவா என்று இவர் சொல்கிறார், எனக்கும் சரி என்றே படுகிறது. முன்பெல்லாம் புனலூரில் வாங்கின மிக்ஸி பழுதென்றால் வழக்குக்குக் கொல்லத்துக்கு ஓட வேண்டும். அந்தப் பஸ் செலவுக்குப் பயந்தே பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, வாங்கினவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எல்லையில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சேதி உண்டா? நீ அதை 'அதிகார வரம்பு' என்று அடிக்குறிப்பில் போட்டுவைத்திருக்கிறாய்! யாரடி படிப்பார்கள் அதை? 1915 என்கிற நுகர்வோர் எண்ணையும், போனில் பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டிய 1930-ஐயும் அட்டையிலேயே பெரிதாகப் போடு. 1930-க்குச் சீக்கிரம் பேசியிருந்தால் பெரியம்மா பணத்தில் கொஞ்சமாவது நின்றிருக்குமோ என்னவோ. வீட்டில் சொல்லவே ரொம்ப நாள் ஆகிவிட்டது அவர்களுக்கு.

சேச்சி உன்னிடம் பேசச் சம்மதித்திருக்கிறாள், பேரும் படமும் போடக்கூடாது என்று மட்டும் சொன்னாள். ஓணம் பம்பர் குலுக்கலுக்கு முந்தின வாரம் வந்தாயானால் எல்லையின் கூத்தெல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், கூட்டத்தில் அவளுக்குத் தலைநிமிர நேரம் இருக்காது. பெரியம்மாவை நீ பார்ப்பதானால் நோட்டும் பேனாவும் எடுக்காமல் வா, சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டு வரலாம்.

உம்மாவுக்கு என் சலாம் சொல்லு. முட்டு வலிக்கு அவர்கள் கேட்ட தைலம் வாங்கிவைத்திருக்கிறேன். லேபிளில் தயாரித்த தேதியும் லைசென்ஸ் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன், நீ ஆரம்பிக்காதே.

இப்படிக்கு,
உன் செண்பகம்