எங்கள் தெரு ஷெட்டில் நிறுத்திக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தானாகவே பார்க்கிங் செய்துகொள்ளும் கார்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் சோதனை முழுவதும் ஒரு மாலின் அடித்தளத்தில் நடந்திருக்கிறது. சமதரை, பளிச்சென்று வெள்ளைக்கோடு, இரண்டு பக்கமும் ஒழுங்காக நிற்கும் கார்கள். அங்கேகூட நிற்கத் தெரியாவிட்டால் அப்புறம் எதற்கு அந்த வசதி? காசு கொடுத்து வாங்குகிறவர் ராத்திரி காரை விடப்போவது வீட்டு ஷெட்டில். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் கொருக்குப்பேட்டையில் கிரில் பட்டறை நடத்துகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று வடசென்னை முழுக்க வீட்டு கேட்டும் ஷட்டரும் செய்து மாட்டுகிறோம். ஒரு வீட்டுக்குப் புது கார் வந்தால் இனிப்புக்கு முன்னால் எங்களுக்குத்தான் போன் வரும். கேட்டை அகலப்படுத்த வேண்டும், கீலை மாற்ற வேண்டும், வளைந்த கம்பியை நிமிர்த்த வேண்டும். அதனால் இந்தப் பக்கத்து ஷெட்டுகளின் அளவு எனக்கு அத்துப்படி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வசதி ஏமாற்று வேலை இல்லை. 2003-இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் காரில் வந்த காலத்திலிருந்து எவ்வளவோ தேறியிருக்கிறது. 2015-இல் ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் ஐந்து கார்களை வைத்து, சாலையோரத்தில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்துவதைச் சோதித்துப் பார்த்தது. ஆட்கள் ஓட்டியதைவிட, கார் தானாகச் செய்தபோது ஓரக்கல்லில் இடித்தது 81 சதவீதம் குறைவு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது சாலையோரம்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நம் ஷெட்டுக்கு இப்படி ஒரு வசதி உண்மையிலேயே தேவை. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். இப்போது வரும் பெரிய மின்சார கார்களில் சில, பக்கக் கண்ணாடியைச் சேர்க்காமலே 1.9 மீட்டர் அகலம். ஆக, பக்கத்துக்கு ஓரடிதான் மிச்சம். அந்த ஓரடியிலும் ஒரு சுவரில் மீட்டர் பெட்டி, எதிர்ச் சுவரில் மோட்டார் ஸ்டார்ட்டர். கதவைத் திறந்து இறங்குவதற்கு வயிற்றை எக்க வேண்டும். வெளியே இறங்கி நின்றுகொண்டு போனை அழுத்தினால் கார் தானாக உள்ளே போகும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் இடம் எங்கே நெருக்கமோ அங்கேதான் இது அதிகமாகத் தடுமாறுகிறது.

காரணம் புரியாததல்ல. பம்பரில் சின்ன வட்டமாகத் தெரிபவை அல்ட்ராசோனிக் சென்சார்கள். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. நேராக நிற்கும் செங்கல் சுவர் என்றால் ஒலி ஒழுங்காகத் திரும்பும். கயிறு, சங்கிலி, மெல்லிய கம்பி, துணி, சாய்வான பரப்பு இதெல்லாம் வந்தால் சந்தேகம். நான் சொல்லவில்லை, காரோடு தரும் கையேட்டின் எச்சரிக்கைப் பக்கத்திலேயே இருக்கிறது. படித்தால் நம் தெரு ஷெட்டை நேரில் பார்த்து எழுதியது போலிருக்கும்.

எங்கள் கேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 எம்எம் சதுரக் கம்பி, நாலு அங்குல இடைவெளி. காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று எல்லோரும் கேட்பது இதைத்தான். உள்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு என்றால், திறந்த கதவு கார் போகும் வழியோரத்தில் கொஞ்சம் சாய்ந்தபடிதான் நிற்கும். கம்பிகளுக்கு நடுவே பாதி ஒலி போய்விடும், மீதி வேறு பக்கம் சிதறும். கொக்கி மாட்ட மறந்தால் காசிமேட்டுக் காற்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்து காரின் விலாவில் சாத்தும். அப்புறம் இரண்டு கதவும் சேரும் இடத்தில், தாழ்ப்பாள் இறங்குவதற்காகத் தரையில் ஒரு இரும்புக் குமிழ் பதிப்போம். கட்டைவிரல் உயரம்தான். பம்பர் சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. மேலே பார்த்தால் பாதி இறக்கிய ஷட்டர், மாடிப்படியின் அடிப்பாகம். பம்பர் தாண்டிப் போய்விடும், பின்னால் வரும் கூரைக்குத்தான் அடி.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் என்று நினைக்க வேண்டாம். உரிமையாளர் போனில் கூப்பிட்டால் தானாக நகர்ந்து வரும் டெஸ்லா வசதி குறித்து, சுமார் 26 லட்சம் கார்கள் அடங்கிய விசாரணையை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2025 ஜனவரியில் தொடங்கியது. கம்பத்தையும் நின்ற வண்டியையும் கவனிக்காமல் மோதியதாக வந்த புகார்கள்தான் காரணம்.

கேமரா இருக்கிறதே என்பார்கள். மணலி, எண்ணூர் பக்கம் காரை ஒருநாள் வெளியே விட்டுப் பாருங்கள். கன்டெய்னர் லாரிப் புழுதியும் உப்புக் காற்றும் சேர்ந்து லென்ஸில் ஒரு படலம் கட்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், தெருவிலிருந்து ஷெட்டுக்கு ஏறும் சரிவான ராம்ப். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. தண்ணீருக்குப் பயந்து வீட்டைத் தெருவைவிட உயர்த்திக் கட்டுகிறார்கள். 2023 மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் ஷெட் தரையை இன்னும் ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டவர்கள் பல பேர். உயரம் கூடுகிறது, முன்னால் இடம் கூடுவதில்லை, ஆகவே ராம்ப் செங்குத்தாகிறது. செங்குத்தான சரிவில் இந்த வசதியைப் பயன்படுத்தக் கூடாது என்றும் பல கையேடுகளில் போட்டிருக்கிறது.

தண்டையார்பேட்டையில் என் வாடிக்கையாளர் ஒருவர் இந்த வசதிக்காகவே டாப் மாடல் எடுத்தார். கார் ராம்புக்கு முன்னால் மூக்கை வைத்ததும் நின்றுவிடும். ஏறுகிற சரிவே அதற்குச் சுவராகத் தெரிகிறது. ஷோரூமிலிருந்து ஒரு தம்பி வந்து பார்த்துவிட்டு, "சார், கார்ல பிரச்சினை இல்ல, உங்க ராம்ப்லதான்" என்று சொல்லிப் போய்விட்டார். உடனே எனக்குப் போன், ராம்பை உடைத்து நீட்டிப் போடலாமா என்று. நீட்டினால் மழைநீர் வடிகால் மூடிமேல் ஏறும், மாநகராட்சி வந்து இடித்துவிட்டுப் போகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது அவருடைய மனைவிதான் ரிவர்ஸில் ஒரே மூச்சாக உள்ளே விடுகிறார், கேட்டில் ஒரு கீறல் இல்லை.

ஐரோப்பாவில் வோக்ஸ்வாகனின் ‘ஐ.டி.’ வரிசை மின்சார கார்களில் 2022 முதல் நினைவு பார்க்கிங் வந்திருக்கிறது. வீட்டுக்குள் போகும் கடைசி 50 மீட்டரை ஒருமுறை ஓட்டிக் காட்டினால் கார் மனப்பாடம் செய்துகொள்ளும். நல்ல யோசனை. ஆனால் எங்கள் தெருவில் காலையில் கேட் முன்னால் தண்ணீர்க் குடங்கள், சாயங்காலம் இட்லிக் கடை தள்ளுவண்டி, ராத்திரி யாருடையது என்றே தெரியாத பைக். கார் எதை மனப்பாடம் செய்யும்? ஆளே இல்லாமல் கார் நிற்கும் அளவுக்கு நம்பி அனுமதி கொடுத்திருப்பது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் விமான நிலையப் பார்க்கிங்கில், 2022 நவம்பரில். அங்கே மெர்சிடிஸ் காரின் கண்ணை மட்டும் நம்பவில்லை, கட்டடம் முழுக்க பாஷ் நிறுவனத்தின் சென்சார் வைத்திருக்கிறார்கள். நம் ஷெட்டில் இருப்பது ஒரு பல்பு.

சந்தேகம் வந்ததும் கார் நின்றுவிடுவதை நான் குறை சொல்லவில்லை, அது நல்லதுதான். எனக்குப் பயம், சந்தேகமே வராமல் போகிற இடங்களில்தான். ரிமோட்டில் நிறுத்தும் கார்களுக்கு வாகன ஸ்டீயரிங் பற்றிய ஐ.நா. விதி 79-இல் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓட்டுகிறவர் 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும், விரலை எடுத்ததும் கார் நிற்க வேண்டும். வாங்கப்போகும் காரில் அப்படி இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? குழந்தைகள் ஓடி விளையாடும் தெருவில் முதலில் கேட்க வேண்டியது அதுதானே.

டாப் மாடலுக்குக் கூடுதல் பணம் வாங்கும் ஷோரூம்காரர்கள், முன்பணம் வாங்குவதற்கு முன்பே வாடிக்கையாளரின் வீட்டு ஷெட்டுக்குக் காரைக் கொண்டுவந்து இந்த வசதியை இயக்கிக் காட்ட வேண்டும். டெஸ்ட் டிரைவுக்கு வீட்டு வாசலுக்கு வருகிறவர்களுக்கு இன்னும் பத்தடி உள்ளே வருவதில் என்ன கஷ்டம்? உங்கள் பத்திரிகையும் அடுத்த சோதனையை இந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். செங்குத்து ராம்ப், கம்பி கேட், மீட்டர் பெட்டி எல்லாம் சேர்ந்த ஷெட் ஒன்று பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது, வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். மதியம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் தெருவில் தண்ணீர் லாரி நிற்கும்.

இப்படிக்கு,
கிரில் பட்டறை வாசகர்,
கொருக்குப்பேட்டை, சென்னை – 21