‘ஆகவே’ என்ற சொல்லைச் சுழித்தவருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். இல்லம் தேடிக் கல்வி மையங்களைப் பற்றி எங்கள் ஒன்றியத்தில் நாங்கள் செய்த சிறிய ஆய்வு, மூன்று கல்வியாளர்களின் சுயேச்சையான மதிப்பாய்வுக்குப் பிறகு முழுவதுமாகத் திருத்தி எழுதப்பட்டு இந்த மாதம் அச்சுக்குப் போகிறது. அந்த மூவர் யார் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் பெயர்களை நீக்கிய பிறகே பிரதி அவர்கள் கைக்குப் போனது. நேரில் கண்டு நன்றி கூற வழியில்லாததால் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டம், கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளின் பிள்ளைகள் இழந்த படிப்பை, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெறும் உள்ளூர்த் தன்னார்வலர்களைக் கொண்டு மாலை நேரத்தில் ஈடுசெய்ய முனைந்தது. பிள்ளைகள் ‘அக்கா’ என்று கூப்பிட்டபடி ஓடிவருவதை நாள்தோறும் பார்த்தவர்கள் நாங்கள். அந்த அக்காமார்களின் உழைப்புக்கு ஒரு சான்று எழுதிவைக்க வேண்டும் என்ற ஆசையில்தான் ஆய்வையே தொடங்கினோம். அந்த ஆசை எங்கள் முதல் வரைவில் எப்படியெல்லாம் புகுந்திருந்தது என்பதை மதிப்பாய்வு வந்த பிறகே உணர்ந்தோம்.

“மையத்துக்கு வந்த பிள்ளைகள் வராதவர்களைவிட நன்றாக வாசிக்கிறார்கள், ஆகவே இது மையத்தின் பயன்” என்று எழுதியிருந்தோம். மூவரில் ஒருவர் அந்த ‘ஆகவே’யைப் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் சிறிய எழுத்தில், “வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டீர்களா?” என்று எழுதியிருந்தார். நாங்கள் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஊர் ஊராகப் போனோம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அம்மா வேலை முடிந்து வரும்வரை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மையம் நடக்கும் நேரமும் அதுதான். இன்னொரு பையனின் வீடு ஓடைக்கு அப்பால் இருந்ததால், இருட்டிய பிறகு அவன் தனியே திரும்ப முடியாது. வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இடையே மையத்தைத் தவிர வேறு பல வேறுபாடுகள் முன்பே இருந்தன என்பது அந்தப் பயணத்தில்தான் எங்களுக்கு உறைத்தது.

இரண்டாமவர் தவறு என்று சொல்லி நிறுத்திவிடாமல் நான்கு பக்கங்கள் விளக்கம் எழுதியிருந்தார். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை, வகுப்பின் அளவு பிள்ளைகளின் கற்றலைப் பாதிக்கிறதா என்று பார்த்த ஆய்வில், 13 முதல் 17 பிள்ளைகள் கொண்ட சிறிய வகுப்பில் யார், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பில் யார் என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் பிரித்ததால்தான் அந்த ஆய்வை உலகம் இன்றும் மதிக்கிறது என்று பொறுமையாக எடுத்துக்காட்டினார். அதே கையோடு நம் மாநிலத்து ஆய்வு ஒன்றையும் எங்களைப் படிக்கச் செய்தார். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் நடத்திய அந்த ஆய்வு, 2021 டிசம்பரில் பிள்ளைகளின் நிலையை, 2019இல் அதே ஊர்களில் இருந்த அதே வயதினரின் நிலையோடு ஒப்பிட்டது. கணக்கில் 0.73, மொழியில் 0.34 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் அளவை) அளவுக்குப் பின்னடைவு இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதங்களில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு ஏறத்தாழ 24 விழுக்காடு. இதைப் படித்த அன்று எங்கள் குழுவில் சிலருக்கு வருத்தம்தான், ஏனெனில் மீட்சி முழுவதையும் நாங்கள் மையத்தின் கணக்கிலேயே எழுதியிருந்தோம். என் வரையில், ஒரு மாலை நேர மையம் மீட்சியில் நான்கில் ஒரு பங்கைத் தந்தது என்பது பெரிய செய்தி. மிகைப்படுத்தாமல் சொன்னாலே அந்த அக்காமார்களுக்குப் பெருமை சேர்க்கும் செய்தி அது.

மூன்றாமவர் மூலத் தாள்களையே அனுப்பச் சொன்னார். ஒரு கட்டுத் தாள்களை ஒவ்வொன்றாகக் கணினிப் பதிவோடு ஒப்பிட்டு, ஓர் ஊரின் மதிப்பெண்கள் இருமுறை ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார். தேர்வு நடந்த நாளில் வகுப்பில் இருந்த பிள்ளைகளை மட்டுமே நாங்கள் சோதித்திருப்பதையும் அவர்தான் சுட்டிக்காட்டினார். எங்கள் முடிவுரையோடு அவர் இன்றுவரை உடன்படவில்லை. ஆயினும் தம் மறுப்பை முழுமையாக அச்சிட இசைந்தார். மூவரின் மதிப்பாய்வுகளும், நாங்கள் ஏற்காத இடங்கள் உட்பட, ஒரு சொல்லும் குறையாமல் நூலின் பின்னிணைப்பில் வருகின்றன.

ஒருவரும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். அச்சுச் செலவை ஏற்க முன்வந்த ஒரு தரப்பு, முடிவுகளைத் தாங்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியிட வேண்டும் என்றது. அதை மறுத்தபோது எங்களுக்குத் துணை நின்று, நூறும் இருநூறுமாகப் பணம் திரட்டித் தந்த ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெயர்களை மறைத்துப் பிரதிகளைக் கொண்டுசேர்த்த ஓய்வுபெற்ற பேராசிரியர், பதிவேடுகளைத் தந்து வகுப்பறையையும் திறந்துவிட்ட தலைமையாசிரியைகள், தாள்களை இரண்டாம் முறையும் முகம் சுளிக்காமல் பதிவேற்றிய கல்லூரி மாணவர்கள், மறுபடியும் கதவைத் தட்டியபோது உட்காரவைத்துப் பேசிய தாய்மார்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

நூல் வந்ததும் முதல் பிரதிகள் மையம் நடத்திய அக்காமார்களுக்குப் போகும். மதிப்பாய்வாளர்களுக்கு உரிய மூன்று பிரதிகளைப் பேராசிரியரிடம் ஒப்படைக்கிறோம். சுழிக்கப்பட்ட அந்தப் பக்கத்தின் நகல் ஒவ்வொன்றிலும் இருக்கும்.

மிக்க நன்றியுடன்,
ஆய்வுக் குழுவின் சார்பில்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்