பிடரியிலிருந்து குடலுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரு வளர்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆயினும், 31 ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் என்ற முறையில், அதிலுள்ள இரண்டு செய்திகளைத் திருத்தாமல் இருக்க என்னால் இயலவில்லை.

கருவில் முதலில் தோன்றும் புற, நடு, அக என்ற மூன்று செல் அடுக்குகளில், எலும்புகள் அனைத்தும் நடு அடுக்கிலிருந்து உருவாகின்றன என்றும், கண் முழுவதும் மூளையின் நீட்சி என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். விழித்திரை மூளையின் நீட்சிதான். ஆனால் லென்ஸ், தலைப் பகுதியின் புற அடுக்கு ஓரிடத்தில் தடித்து உண்டாகும் பிளாக்கோடு என்ற தடிப்பிலிருந்து வருகிறது. உட்காதும் மூக்கின் மோப்பச் செல்களும் இத்தகைய தடிப்புகளிலிருந்தே தோன்றுகின்றன. முகத்து எலும்புகளோ நரம்பு முகட்டுச் செல்களின் கொடை. கருவின் முதுகுப்புறத்தில் புற அடுக்கு மடிந்து, பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக்குழலாக மூடிக்கொள்ளும் இடத்தில், மடிப்பின் விளிம்பிலிருந்து பிரிந்து, உடலெங்கும் பயணம் புறப்படுபவை இவை. 1868ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து உடற்கூற்றியல் அறிஞர் வில்ஹெல்ம் ஹிஸ் கோழிக் கருவில் இவற்றின் பிறப்பிடத்தைக் கண்டார். தாடை எலும்பு, பல்லின் டென்டைன், தோலின் நிறமிச் செல்கள், அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் பலவும் இவற்றிலிருந்து வருபவை.

எந்தச் செல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை எப்படி அறிந்தார்கள் என்று மாணவர்கள் கேட்கும்போது, காடை முட்டையைப் பற்றித்தான் நான் முதலில் சொல்வேன். சாயம் ஏற்றிப் பார்த்தால் காடைச் செல்லின் உட்கருவில் ஒரு கருந்திட்டு அழுத்தமாகத் தெரியும். கோழிச் செல்லில் அது இருப்பதில்லை. பிரான்ஸ் நாட்டு அறிஞர் நிக்கோல் லெ டுவாரின், 1969ஆம் ஆண்டிலிருந்து இந்த வேறுபாட்டையே அடையாளமாகக் கொண்டு, கோழிக் கருவின் நரம்பு முகட்டில் ஒரு துண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் காடைக் கருவின் துண்டைப் பொருத்தி, திட்டுள்ள செல்கள் எங்கெங்கே தென்படுகின்றன என்று தேடினார். பிடரிப் பகுதியில் பொருத்திய செல்கள் குடல் நெடுகிலும் நரம்புச் செல்களாகக் காணப்பட்டன. குடலின் உட்பூச்சு அக அடுக்கிலிருந்து வந்தாலும், அதை அசைக்கும் நரம்புகள் பெரும்பாலும் கழுத்தருகிலிருந்து நடந்து வந்தவை என்பது இப்படித்தான் உறுதியாயிற்று.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. என் தங்கையின் பேத்தி பிறந்து இரண்டு நாள் முழுதாகக் கழிந்தும் மலம் கழிக்கவில்லை. வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தாள். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்புச் செல்களே இல்லை என்று திசுப் பரிசோதனையில் தெரிந்தது. சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய் அது. கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் தாய் ஆசைப்பட்டுத் தின்ற பலாப்பழமே காரணம் என்று உறவினர்கள் சொல்ல, அந்தத் தாய் அதை நம்பி, "நான்தான் கெடுத்துட்டேனா மாமா?" என்று என்னிடம் அழுதாள். நரம்பு முகட்டுச் செல்கள் குடலுக்குள் நுழைவது கரு வளர்ச்சியின் நான்காம் வாரம். கடைக்கோடியை எட்ட வேண்டியது ஏழாம் வாரம். பயணம் பாதியில் நின்றது ஏழாம் வாரத்துக்குள்; பலாப்பழம் தின்றது ஏழாம் மாதத்தில். ஒரு தாளில் குடலை வரைந்து, வாரக் கணக்கை ஓரத்தில் எழுதி அவளிடம் காட்டிய பிறகே அவள் முகம் தெளிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, குழந்தை இப்போது நலமாக இருக்கிறாள்.

ஆகவே, திருத்தத்தை மட்டும் மூலையில் ஒரு வரியாக வெளியிடாமல், இந்தச் செல்களின் பாதையையும் வாரங்களையும் காட்டும் படத்துடன் ஒரு தனிக் கட்டுரையை அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று வரைந்த படம் என்னிடம் இருக்கிறது, தேவையானால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்,
கும்பகோணம்