அயர்ன்டன் டாங்க்ஸ் அத்தியாயம் திரும்பக் கிடைத்தது: எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து அயர்ன்டன் ஊரில் ஒரு காலத்தில் ஆடிய அமெரிக்கக் கால்பந்து அணி டாங்க்ஸ். அதைப் பற்றி நான் எழுதிவரும் தொடரில் 1930-ஆம் வருட அத்தியாயம் நேற்று இரவு மறுபடி முழுசாகிவிட்டது. படுத்தும் தூக்கம் வரவில்லை, அதனால் எழுந்து இதை எழுதுகிறேன். நிலவறையில் தண்ணீர் புகுந்து என் குறிப்புகளில் எதெல்லாம் போனது என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. அதைத் திரும்பச் சொல்ல மனசு வரவில்லை.

தொடரின் பழைய பகுதிகளைச் சேமித்து வைத்திருந்து அனுப்பியவர்கள், ஈரத்தாள்களைப் பிரித்து விசிறிக் காற்றில் உலர்த்திய கொலம்பஸ் நகர நண்பர்கள், அவர்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்த அக்கா, பழைய செய்தித்தாள்களின் நுண்படச் சுருள்களை முகம் சுளிக்காமல் மறுபடி எடுத்துத் தந்த நூலக ஊழியர்கள், ராத்திரி கண்விழித்துத் தட்டச்சு செய்த தம்பி தங்கைகள் எல்லோருக்கும் என் நன்றி. தனித்தனியாகவும் எழுதுவேன். இங்கே ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் அயர்ன்டனிலேயே இருக்கும் பெரியவர். எண்பதைத் தாண்டியவர். எனக்கு முன்பின் தெரியாதவர். யாரோ சொல்லக் கேட்டு, என் எண்ணை வாங்கி அவராகவே அழைத்தார். அவருடைய அம்மா பள்ளிக்கூடச் சிறுமியாக இருந்தபோது டாங்க்ஸ் ஆட்டச் செய்திகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தாராம். தபாலில் அனுப்பினால் தாள் பொடிந்துவிடும், படமெடுத்து அனுப்பத் தனக்குத் தெரியாது என்றார். அப்புறம், "நான் வாசிக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

அப்படியே வாசித்தார். மாலை மாலையாக வாசித்தார். ஒவ்வொரு ஆட்டக்காரர் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொல்லி, நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த பெயருக்குப் போவார். செய்தி பாதியில் நின்றால், "இங்கே கத்தரிக்கோல் போய்விட்டது" என்பார். நியூயார்க் ஜயண்ட்ஸ் என்ற பெரிய தொழில்முறை அணியை டாங்க்ஸ் 13-12 என்று வென்ற செய்தி வந்ததும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஓரத்தில் அம்மா பென்சிலால் எழுதியிருந்ததை வாசித்தார். கத்திக் கத்தி அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, ரெண்டு நாளாகப் பேச முடியவில்லை என்று சிறுமி குறித்து வைத்திருக்கிறாள்.

ஓஹியோ ஆற்றங்கரையில் இரும்பு உருக்கிப் பிழைத்த சின்ன ஊர் அது. முதல் உலகப் போர் முடிந்து பையன்கள் வீடு திரும்பிய 1919-இல், உள்ளூரில் ஒன்றையொன்று எதிர்த்து ஆடிக்கொண்டிருந்த இரண்டு அணிகள் சேர்ந்து டாங்க்ஸ் ஆயின. போரில் பார்த்த பீரங்கி வண்டியின் பெயர். பகலில் வேறு வேலை, ஆட்டத்துக்கு ஏதோ கொஞ்சம் பணம். அரைத் தொழில்முறை என்றால் அவ்வளவுதான். அந்த ஊர் 1926-இல் கூரை போட்ட பார்வையாளர் மாடத்தோடு ஒரு மைதானம் கட்டியது. இன்றும் பள்ளிப் பிள்ளைகள் அங்கே ஆடுகிறார்கள். 1930-இல் ஜயண்ட்ஸை மட்டுமல்ல, இன்னொரு பெரிய அணியான சிகாகோ பேர்ஸையும் 26-13 என்று வென்றார்கள். அந்நாளின் பெரிய நட்சத்திரம் ரெட் கிரேஞ்ச் இருந்த பேர்ஸ்! ஆனால் இரண்டுமே தேசியக் கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.) கணக்கில் சேராத ஆட்டங்கள். அந்தப் பருவத்தோடு, பொருளாதார மந்தத்தில் கையில் காசில்லாமல் அணியும் கலைந்தது.

பக்கத்து ஊரான போர்ட்ஸ்மவுத்தின் ஸ்பார்ட்டன்ஸ் அணி 1934-இல், இன்றும் ஆடிவரும் டெட்ராய்ட் லயன்ஸ் ஆனது. அதனால் அவர்கள் வரலாற்றைக் காக்க இன்றைக்கும் ஓர் அலுவலகம் இருக்கிறது. டாங்க்ஸின் பெரிய நட்சத்திரம் கிளென் பிரெஸ்னல் போர்ட்ஸ்மவுத்துக்குப் போய், பிறகு லயன்ஸுக்காக 1934-இல் 54 கஜத் தூரத்திலிருந்து, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோல் அடித்தார். 1953 வரை அந்தத் தூரச் சாதனையை யாராலும் முறியடிக்க முடியவில்லை. அதை இப்போதும் எங்கே வேண்டுமானாலும் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். அவர் ஓட வழி உண்டாக்கி முன்வரிசையில் அடி வாங்கிய ஆட்களை எங்கே தேடுவது? அவர்கள் பெயர்கள் ஒரு சிறுமி வெட்டி ஒட்டிய தாள்களில் இருந்தன. அவள் மகன் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்ததும் தேடி வந்து வாசித்துக் காட்டினார். இதற்கு நான் என்ன செய்து ஈடுகட்டுவேன்?

என்னால் முடிந்ததைச் செய்கிறேன். புத்தகம் வரும்போது அந்த ஆட்டக்காரர்களின் பெயர்ப்பட்டியல்தான் முதல் பக்கம், பிரெஸ்னல் அதற்குப் பிறகுதான். பெரியவர் சம்மதித்திருப்பதால் அவர் வாசித்த ஒலிப்பதிவின் நகல் அயர்ன்டன் நூலகத்துக்குப் போகும். இனி எந்தக் குறிப்பும் ஒரே வீட்டில் இருக்காது. இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி ஆட்டத்துக்கு அவரோடு அந்தக் கூரை மாடத்தில் உட்காரவும் நாள் கேட்டிருக்கிறேன்.

பணம் பற்றிப் பேச்செடுத்தபோது சட்டென்று நிறுத்திவிட்டார். ஒன்றே ஒன்று கேட்டார்: அம்மாவின் பெயர் தமிழில் அச்சானால் அந்தப் பக்கத்தை அனுப்ப வேண்டும், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வாராம். அடுத்த வாரப் பகுதியிலேயே போடுகிறேன். அதற்குள் பெயரின் சரியான உச்சரிப்பை அவரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும்.