டியூப்பைத் தூக்கிப் போட்டுவிடாதே

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்துவிட்டது என்ற இடத்தை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தங்கச்சிக்கு இனி வாராவாரம் பஸ் ஏறுகிற அலைச்சல் மிச்சம். இங்கே அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று. பார்வை தெளிவாகத் தெரிகிறது. காலையில் பேப்பர் முதலில் அவள் கைக்குத்தான் போகிறது.

சரி, முதுகில் மாட்டிக்கொண்டு டியூப்பால் உறிஞ்சிக் குடிக்கிற உன் தண்ணீர்ப் பைக்கு வருகிறேன். போன முறை வெள்ளியங்கிரி இறங்கி வந்ததும் பரணில் போட்டது, இப்போது எடுத்தால் டியூப்புக்குள் கறுப்புப் புள்ளிகள், உறிஞ்சினால் பூஞ்சை வாடை என்று எழுதியிருக்கிறாய். பிரஷ் செட் வாங்கவா, டியூப்பையே மாற்றவா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம் மாப்ளே. வீட்டில் இருப்பதும் கொஞ்சம் தூண்டில் நரம்பும் போதும்.

மலையில் எலுமிச்சை ஜூஸ் ஊற்றிக்கொண்டு போனாய் அல்லவா? அப்புறம் கைதட்டிச் சுனையில் தண்ணீர் பிடித்தாய். அந்தச் சர்க்கரையும் சுனையில் வந்த கிருமியும் உள்ளேயே தங்கி, டியூப்பின் சுவரில் வழவழவென்று ஒரு படலமாகப் படிந்துவிட்டன. இந்தப் படலம் பிடிவாதமானது. வெறுமனே திரவத்தை ஊற்றினால் மேலாகக் கழுவிக்கொண்டு போகுமே தவிர, அடியில் ஒட்டியிருப்பது எளிதில் அசையாது. தேய்த்தால்தான் நன்றாகப் போகும். பிரஷ் செட் செய்வதும் அந்தத் தேய்க்கிற வேலையைத்தான். அதற்கு நூற்றுக்கணக்கில் செலவழிப்பானேன்?

மீன் தூண்டில் விற்கும் கடையில் நைலான் நரம்பு கேள். ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ளதாக, டியூப்பைப் போல இரண்டரை மடங்கு நீளத்துக்கு வாங்கு. அந்தத் தடிமனில் நரம்புக்கு விறைப்பு இருக்கும், ஒரு பக்கம் நுழைத்துத் தள்ளினாலே மறுபக்கம் வந்துவிடும். மெல்லிய நூல்தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை. நுனியில் பட்டாணி அளவு பஞ்சைக் கட்டி டியூப்புக்குள் விட்டு, அந்த வாயைக் குழாயில் பொருத்தித் திற. தண்ணீரே இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு பழைய வேட்டியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து நரம்பின் நடுவில் கட்டு. டியூப்பின் உள்துளை ஆறு மில்லிமீட்டர் சுமார்தான் இருக்கும். முடிச்சு அதை நெருக்கிக்கொண்டு போக வேண்டும், சிக்கிக்கொள்ளக் கூடாது. முடிச்சுக்கு இரண்டு பக்கமும் நரம்பு நீளமாக வெளியே நிற்கட்டும், சிக்கினால் திருப்பி இழுக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி முன்னும் பின்னுமாக இழு. முதல் இழுப்பில் துணி வெளியே வரும்போது பார், பச்சையும் சாம்பலுமாகச் சளி மாதிரி ஒன்று அப்பிக்கொண்டு வரும். கண்ணாடி போலத் தெரிந்த இடத்திலிருந்தும் வரும். துணியை அலசி அலசி, வெள்ளையாக வெளிவரும்வரை இழு.

அதன் பிறகுதான் ஊறவைப்பது. கை பொறுக்கிற சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர், அதில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா. டியூப்பை வாளிக்குள் அப்படியே சுருட்டிப் போடாதே, நடுவில் காற்று அடைத்துக்கொண்டு அந்த இடம் நனையாமலே கிடக்கும். இரண்டு முனையையும் மேலே தூக்கிப் பிடித்து, ஒரு பக்கம் ஊற்றி மறுபக்கம் வழிகிறவரை நிரப்பு. அரை மணி நேரம் கழித்து அலசு. சோடாவோடு வினிகரையும் சேர்த்து ஊற்றச் சொல்வார்கள். நுரை பொங்கும், ஆனால் ஒன்றின் காரத்தை மற்றொன்றின் புளிப்பு முறித்துவிடும், வேலை நடக்காது. வாடை போக எலுமிச்சையோ வினிகரோ வேண்டுமென்றால் சோடாவை அலசிவிட்டுத் தனியாக ஊற்று.

உனக்குப் பூஞ்சையே பிடித்துவிட்டதால் பிளீச்சும் வேண்டியிருக்கும். வாசனையோ நிறமோ சேர்க்காத திரவ பிளீச், லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அரை மணி நேரம். பிறகு குளோரின் வாடை போகும்வரை நல்ல தண்ணீர் விட்டு அலசு. இதை மட்டும் கவனமாகக் கேள்: பிளீச்சோடு வினிகரோ எலுமிச்சையோ ஒரு சொட்டும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். இதற்கெல்லாம் பிறகும் சில கறுப்புப் புள்ளிகள் கறையாக நின்றுவிடலாம். துணி சுத்தமாக வந்து வாடையும் இல்லை என்றால் கவலைப்படாதே.

கடித்து உறிஞ்சும் முனையைக் கழற்றி, அதன் பிளவை விரலால் அழுத்தி விரித்துப் பார். அழுக்கு மிக அதிகமாகச் சேருகிற இடம் அதுதான். அது சிலிக்கான் என்பதால் சில நிமிடம் கொதிநீரில் போடலாம். டியூப்பை மட்டும் கொதிநீரில் போட்டுவிடாதே, தொளதொளத்துப் போகும்.

இந்தப் பை வந்த கதை தெரியுமா? 1980களின் இறுதியில் டெக்சஸ் வெயிலில் நூறு மைல் சைக்கிள் பந்தயத்துக்குப் போன மைக்கேல் எய்ட்சன் என்ற அவசர மருத்துவப் பணியாளர், குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, நீளக் காலுறைக்குள் திணித்து முதுகில் கட்டிக்கொண்டார். அதுதான் பிறகு கேமல்பேக் கம்பெனியாக வளர்ந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப்பை ஒருமுறையோடு எறிந்துவிடுவார்கள். நாம் வருடக்கணக்கில் வாயில் வைக்கிறோம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

டியூப்பை மாற்றுவதாக இருந்தாலும் கொத்தனார்கள் பிடிக்கும் லெவல் டியூப்பை வாங்கிவிடாதே. விலை குறைவுதான், ஆனால் குடிதண்ணீருக்கென்று செய்ததில்லை.

அப்புறம், காயவைப்பது. ஒவ்வொரு முறையும் இதைச் செய்தாலே மேலே சொன்ன பாடு பாதி குறையும். குறுகலான துளை, தண்ணீர் தானாக வடியாது. டியூப்பைச் சுழற்றி உதறு, உலர்ந்த துணியை நரம்பில் கட்டி ஒருமுறை இழு, இரண்டு முனையும் திறந்தபடி கொடியில் நேராகத் தொங்கவிடு. பைக்குள் மத்தைச் செருகி வைத்தால் சுவர் ஒட்டிக்கொள்ளாது. இனி ஜூஸைத் தனிப் பாட்டிலில் எடுத்துப் போ, பையில் வெறும் தண்ணீர்தான்.

பங்குனியில் மலைக்குப் போவதாக எழுதியிருந்தாயே, நானும் வருகிறேன். முழங்கால் இப்போது தேவலை, மாடிப்படி ஏறிப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஏழாவது மலை வரை முடியாவிட்டாலும் உன்னோடு முடிந்த மட்டும் நடக்க ஆசை. தேதியை எழுது, பூண்டி அடிவாரத்துக்கு நேராக வந்துவிடுகிறேன். தங்கச்சியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்